தன்னைவிட ரேட்டிங் அதிகமுள்ளவருடன் ஆடும் செஸ் ஆட்டம்: சேலத்துப் பெற்றோரும் மாணவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சேலத்தில் பல ஆண்டுகளாகச் சிறுவர் சிறுமியருக்குச் சதுரங்கம் கற்றுத் தருகிறேன். நேரம் கிடைக்கும்போது நானும் போட்டிகளில் ஆடுகிறேன். போட்டி அரங்கின் வாசலில் ஜோடிப் பட்டியல் ஒட்டப்பட்டதும், தங்கள் பிள்ளையின் பெயருக்கு எதிரே பெரிய ரேட்டிங் (ஆட்ட பலத்தைக் காட்டும் எண்) ஒன்றைப் பார்த்துவிட்டுப் பெற்றோர் என்னிடம் ஓடி வருவது வழக்கம். அவர்களும் மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகளை, அந்த வாசலில் நின்றுகொண்டு அவசரமாகச் சொல்ல முடியாத விரிவோடு இங்கே எழுதியிருக்கிறேன்.

முதல் சுற்றிலேயே என் மகளுக்கு 400 புள்ளி அதிகமுள்ளவரை எதிராளியாகப் போட்டிருக்கிறார்கள். இது சரியா?

சரிதான், அதில் யாருடைய விருப்பு வெறுப்பும் இல்லை. ரேட்டிங் கணக்கில் சேரும் திறந்தநிலைப் போட்டிகள் பெரும்பாலும் சுவிஸ் முறையில் நடக்கின்றன. 1895-இல் சூரிக் நகரில் நடந்த போட்டியில் முதன்முதலாகக் கையாளப்பட்டதால் அந்தப் பெயர் வந்தது. இந்த முறையில் ஆட்டக்காரர்கள் ரேட்டிங் வரிசைப்படி மேலிருந்து கீழாக அடுக்கப்பட்டு, பட்டியல் நடுவில் இரண்டாகப் பிரிக்கப்படுகிறது. 200 பேர் சேர்ந்திருந்தால் முதலாமவருக்கு 101-ஆம் எண்காரரும், இரண்டாமவருக்கு 102-ஆம் எண்காரரும் எதிராளியாக வருவார்கள். ஆகவே கீழ்ப்பாதியில் இருக்கும் எல்லோருக்குமே முதல் சுற்றில் தம்மைவிட வலுவானவர்தான் கிடைப்பார். இரண்டாம் சுற்றிலிருந்து ஒரே புள்ளி பெற்றவர்கள் தமக்குள் மோதுவதால், முதல் ஆட்டத்தில் தோற்ற குழந்தைக்கு அடுத்த ஆட்டத்தில் எளிய எதிராளியும், அதில் வென்றால் மூன்றாவது ஆட்டத்தில் மறுபடி கடினமானவரும் வருவது இயல்பு. ஜோடிகளைக் கணினி மென்பொருள் விதிப்படி தீர்மானிக்கிறது. நடுவரிடம் போய் மாற்றித் தரும்படி கேட்பதில் பயனில்லை.

400 புள்ளி வித்தியாசம் என்பது உண்மையில் எதைக் குறிக்கிறது?

ரேட்டிங் என்பது ஒருவருடைய அறிவுக்கோ எதிர்காலத்துக்கோ போடப்பட்ட மதிப்பெண் என்று பல பெற்றோர் எண்ணுகிறார்கள். அர்பாத் எலோ என்ற இயற்பியல் பேராசிரியர் வகுத்து, உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே 1970-இல் ஏற்றுக்கொண்ட இந்தக் கணக்கு ஒரே ஒரு வேலையைத்தான் செய்கிறது: இரண்டு பேர் நிறைய ஆட்டங்கள் ஆடினால் யாருக்கு எத்தனை பங்கு புள்ளிகள் கிடைக்கும் என்று முன்கூட்டிக் கணிக்கிறது. இருவருக்கும் 100 புள்ளி வித்தியாசம் இருந்தால் வலுவானவருக்கு 100-க்கு 64 பங்கும், 200 இருந்தால் 76 பங்கும், 300 இருந்தால் 85 பங்கும், 400 இருந்தால் 92 பங்கும் எதிர்பார்க்கப்படுகின்றன. மீதமுள்ள 8 பங்கு உங்கள் மகளுடையது. அது 8 வெற்றியாகவும் இருக்கலாம். 16 டிராவாகவும் இருக்கலாம். இரண்டின் கலவையாகவும் இருக்கலாம்.

சிறுவர்கள் விஷயத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஃபிடே ரேட்டிங் பட்டியல் மாதம் ஒருமுறை வெளியாகிறது. ஆனால் குழந்தை போட்டிகளில் ஆடினால்தானே அந்த எண் மாறும். பள்ளித் தேர்வுகளுக்காக ஆறு மாதம் போட்டிப் பக்கமே போகாமல், வீட்டில் தினமும் பயிற்சி செய்துகொண்டிருந்த ஒரு பன்னிரண்டு வயதுச் சிறுமியின் பெயருக்கு நேரே இருப்பது ஆறு மாதத்துக்கு முந்தைய பலம். இப்படி வேகமாக வளரும் பிள்ளைகள் குறைந்த ரேட்டிங்கோடு நுழைந்து மற்றவர்களிடமிருந்து புள்ளிகளை எடுத்துக்கொண்டே போனதால், கீழ்மட்டத்தில் எல்லோருடைய எண்களும் உண்மையான பலத்தைவிடக் கீழே இறங்கிப்போயின. அதைச் சரிசெய்யத்தான் 2024 மார்ச் மாதத்தில் ஃபிடே, 2000-க்குக் கீழே இருந்த ஒவ்வொருவருக்கும் 2000-இலிருந்து அவர் எவ்வளவு குறைவோ அதில் பத்தில் நான்கு பங்கைச் சேர்த்துக் கொடுத்தது. 1500 இருந்தவர் அன்று 1700 ஆனார். 1000 இருந்தவர் 1400 ஆனார். அடிமட்ட ரேட்டிங்கும் 1000-இலிருந்து 1400 ஆக உயர்ந்தது.

தோற்றால் எவ்வளவு ரேட்டிங் போகும்?

மிகக் குறைவாகத்தான் போகும். 1500 ரேட்டிங் உள்ள ஒரு மாணவி 1900 ரேட்டிங் உள்ள பெரியவர் ஒருவரோடு ஆடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பதினெட்டு வயது நிறைவடையும் ஆண்டின் இறுதி வரை, ரேட்டிங் 2300-க்குக் கீழே இருந்தால், மாணவியின் பெருக்கெண் (ரேட்டிங் மாற்றத்தைக் கணக்கிடப் பெருக்கும் எண்) 40. ஏற்கெனவே 30 ஆட்டங்களுக்கு மேல் ஆடிய, 2400-ஐ எட்டாத பெரியவருக்கு அது 20. மாணவி தோற்றால் எதிர்பார்ப்பான 0.08-ஐ 40 மடங்காக்க வேண்டும், அவருக்கு 3.2 புள்ளி குறையும். டிரா செய்தால் 16.8 கூடும். வென்றால் 36.8 கூடும். எதிரே இருப்பவருக்கோ வென்றால் 1.6 மட்டுமே கிடைக்கும். டிரா ஆனால் 8.4 போகும், தோற்றால் 18.4 போகும்.

வித்தியாசம் 400-க்கு மேல் எவ்வளவு இருந்தாலும், இந்த மட்டத்தில் அது 400 என்றே எடுத்துக்கொள்ளப்படும். எனவே 1450 இருக்கும் பிள்ளை 2200 இருப்பவரோடு ஆடித் தோற்றாலும் இழப்பு அதே 3.2 தான். நாள் முழுவதும் பெற்றோரின் முகத்தில் நான் பார்க்கும் கவலைக்கும் இந்த எண்ணுக்கும் தொடர்பே இல்லை என்பதைத் தயவுசெய்து மனத்தில் வையுங்கள். அந்தக் கவலையைக் குழந்தை பார்த்துவிடுகிறது.

அந்த வித்தியாசம் பலகையில் எங்கே தெரிகிறது? அவருக்கு என்ன அதிகமாகத் தெரியும்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. தொடக்க ஆட்டத்தில் அவருக்கு நிறையத் தெரியும் என்றுதான் மாணவர்கள் பயப்படுகிறார்கள். அதற்காக முந்தைய இரவு பன்னிரண்டு மணி வரை புதிதாக ஏதோ ஒரு தொடக்கத்தை மனப்பாடம் செய்துவிட்டு வருகிறார்கள். நான் ஆடிய, நடத்திய, திருத்திய ஆட்டங்களிலிருந்து சொல்வதானால், 1500-க்கும் 1900-க்கும் இடையே முதல் பத்து பன்னிரண்டு நகர்த்தல்களில் பெரிய இடைவெளி இருப்பதில்லை. இடைவெளி தெரியும் இடங்கள் வேறு.

முதலாவது, காப்பில்லாமல் காய்களை விட்டுவைப்பது. 1500 ரேட்டிங் உள்ள மாணவர் முப்பது நல்ல நகர்த்தல்களைச் செய்துவிட்டு, முப்பத்தோராவது நகர்த்தலில், எதிராளி கடைசியாக எதற்காக அந்தக் குதிரையை நகர்த்தினார் என்று கேட்டுக்கொள்ளாமல் தன் திட்டத்தையே தொடர்வார். அந்த ஒரு நொடியில் ஒரு காய் போகும். 1900 இருப்பவர் அதிசயமான நகர்த்தல்களைக் கண்டுபிடிப்பதால் வெல்வது அபூர்வம். பெரும்பாலும் அவர் அந்த முப்பத்தோராவது நகர்த்தலுக்காகக் காத்திருக்கிறார், அது வந்ததும் தவறாமல் பார்க்கிறார்.

இரண்டாவது, நேரம். ஆளுக்கு 90 நிமிடம், நகர்த்தலுக்கு 30 நொடி கூடுதல் என்ற கணக்கில் நடக்கும் ஆட்டத்தில், இருபது நிமிடத்தில் இருபத்தைந்து நகர்த்தல்களை முடித்துவிட்டு, எண்பது நிமிடத்துக்கு மேல் கடிகாரத்தில் வைத்துக்கொண்டே தோற்றுப்போன பிள்ளைகளை ஒவ்வொரு போட்டியிலும் பார்க்கிறேன். எதிரே பெரியவர் உட்கார்ந்திருக்கும்போது, தான் யோசித்தால் அவர் தன்னைக் குறைவாக நினைப்பாரோ என்ற கூச்சம் அவர்களை வேகமாக ஆடவைக்கிறது. அந்த 90 நிமிடம் அவர்களுக்கும் சொந்தம் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மூன்றாவது, காய்கள் குறைந்தபின் வரும் முடிவாட்டம். இதைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன்.

முடிவாட்டம் அவ்வளவு முக்கியமா? ஒரு எடுத்துக்காட்டு சொல்ல முடியுமா?

என் சொந்த ஆட்டத்தையே சொல்கிறேன். சேலத்தில் ஒரு பள்ளியின் அரங்கில் நடந்த திறந்தநிலைப் போட்டியில், 1890 ரேட்டிங்குடன் இருந்த எனக்கு இரண்டாம் சுற்றில் ஏற்காட்டிலிருந்து வந்திருந்த, 1490 ரேட்டிங் உள்ள ஒரு பள்ளிச் சிறுமி எதிராளியாக வந்தாள். வெள்ளை எனக்கு. மே மாதத்து வெயில்; மின்விசிறிக் காற்றில் ஆட்டத்தாள் பறந்துவிடாமல் இருக்க அவள் தண்ணீர்க் குப்பியை அதன்மேல் வைத்துக்கொண்டு ஆடியது இன்னும் நினைவில் இருக்கிறது. நடு ஆட்டத்தில் அவள் ஒரு சிப்பாயை இழந்தாள். அப்போதே ஆட்டம் முடிந்துவிட்டதாக நான் முடிவு செய்துகொண்டேன். அது என் தவறு. அவளுடைய திறமையைப் பற்றிப் பேசுவதற்கு முன் அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ராணிகளை வெட்டினேன், குதிரைகளை வெட்டினேன், ஒரு ஜோடி யானைகளையும் வெட்டினேன். கடைசியில் ஆளுக்கொரு யானையும், எனக்கு மட்டும் பலகையின் நடுவிலுள்ள நெடுவரிசையில் ஒரு சிப்பாயும் மிஞ்சின. நாங்கள் வகுப்பில் ரூக் என்று சொல்லும் அந்த யானை முடிவாட்டத்தைத்தான் போட்டிகளில் வேறு எதையும்விட அதிகமாகச் சந்திக்கிறோம்.

அவளுடைய ராஜா என் சிப்பாய்க்கு எதிரே, அது ராணியாக மாற வேண்டிய கட்டத்திலேயே நின்றது. அவள் தன் யானையைத் தன் பக்கத்திலிருந்து எண்ணினால் மூன்றாவதாக வரும் கிடைவரிசையில் கொண்டுபோய் நிறுத்தினாள். அதன்பின் அந்த வரிசையிலேயே இங்கும் அங்குமாக நகர்த்தினாள். வேறு எதுவும் செய்யவில்லை. என் ராஜா முன்னேற வேண்டுமானால் அந்த வரிசையில் கால்வைக்க வேண்டும். யானை காவல் காப்பதால் வைக்க முடியாது. வேறு வழியில்லாமல் நான் சிப்பாயை அந்த வரிசைக்குத் தள்ளினேன். அந்த நொடியே அவள் யானையைப் பலகையின் மறுகோடிக்கு, என் பக்கத்து முதல் வரிசைக்குக் கொண்டுசென்று, பின்னாலிருந்து செக் கொடுக்கத் தொடங்கினாள். என் ராஜா ஒளிந்துகொள்ளக்கூடிய ஒரே கட்டத்தை இப்போது என் சிப்பாயே அடைத்துக்கொண்டிருந்தது. செக்கிலிருந்து தப்ப வேண்டுமானால் ராஜா சிப்பாயை விட்டு விலக வேண்டும். விலகினால் சிப்பாய் போய்விடும். சிறிது நேரம் முயன்றுவிட்டு நான் டிரா கேட்டேன்.

இந்தத் தற்காப்பு 18-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரெஞ்சு ஆட்டக்காரரும் இசையமைப்பாளருமான ஃபிலிடோரின் பெயரால் அழைக்கப்படுகிறது. ஒரு மாலை நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். யானையை மூன்றாவது வரிசைக்குக் கொண்டுபோகாமல் கடைசி வரிசையிலேயே ராஜாவுக்கு அருகில் வைத்துக்கொண்டு பயந்து காத்தால், நடு நெடுவரிசைச் சிப்பாய்க்கு எதிரே ஆட்டம் தோற்றுவிடும். சிப்பாய் அந்த வரிசைக்கு வரும் முன்பே யானை அங்கிருந்து ஓடிவிட்டால், எதிராளியின் ராஜா அந்த வரிசைக்குள் நுழைந்து சிப்பாயின் நிழலில் செக்குக்குத் தப்பிவிடும். இந்த இரண்டையும் அறிந்திருந்ததால், 400 புள்ளி குறைவாக இருந்த அந்தச் சிறுமி அந்த இருபது நிமிடம் எனக்குச் சமமாக ஆடினாள். ராணிகள் இருந்தபோது அவள் எனக்குச் சமம் இல்லை. காய்கள் குறையக் குறைய, படித்தது படித்தபடியே வேலை செய்யும் ஒரு மூலைக்கு நானே அவளை அழைத்துச் சென்றேன்.

நான் சிப்பாய் வென்றவுடன் அவசரப்பட்டு எல்லாவற்றையும் வெட்டாமல் இருந்திருந்தால், அல்லது முடிவாட்டத்தில் அவளுடைய யானை அந்த வரிசையைப் பிடிக்கும் முன் என் ராஜாவை அங்கே கொண்டுபோயிருந்தால், முடிவு மாறியிருக்கலாம். அன்று இரவு ஆட்டத்தாளைப் பார்த்தபோது, ராஜா போக வேண்டிய நேரத்தில் நான் ஒரு சிப்பாயை நகர்த்தியிருந்தது தெரிந்தது.

அப்படியானால் தொடக்கத்திலிருந்தே காய்களை வெட்டிக்கொண்டே போய் டிரா செய்யலாமா?

அந்த ஆட்டத்தைச் சொன்னபோதெல்லாம் இந்தக் கேள்வி வந்திருக்கிறது. கூடாது என்றே சொல்வேன். அவள் ஒரு வெட்டைக்கூடத் தேடிப் போகவில்லை, வெட்டியது நான். டிராவுக்காகவே வெட்டுபவர், ஒவ்வொரு வெட்டுக்குப் பின்னும் யாருடைய சிப்பாய் அமைப்பு நன்றாக இருக்கிறது, யாருடைய காய் சுறுசுறுப்பாக இருக்கிறது என்று பார்ப்பதில்லை. அதனால் ஒவ்வொரு வெட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்ட நிலைக்குப் போய், கடைசியில் வலுவானவருக்கு மிகவும் பிடித்த, ஆபத்தே இல்லாத முடிவாட்டத்தில் சிக்கிக்கொள்கிறார்.

இதற்கு நேரெதிரான பழக்கமும் உண்டு. எப்படியும் தோற்கத்தானே போகிறோம் என்று, பத்தாவது நகர்த்தலில் மந்திரியைப் பலி கொடுத்து ராஜாவின் கோட்டையை உடைக்கப் பார்ப்பார்கள். கணக்குப் போட்டுச் செய்த பலியாக இருந்தால் நான் மகிழ்வேன். பயத்தைத் துணிச்சல்போலக் காட்டுவதற்காகச் செய்த பலி என்றால், பதினைந்து நகர்த்தல்களில் ஆட்டம் முடிந்து, கற்றுக்கொள்ள எதுவும் மிஞ்சாமல், பிள்ளை அரங்கை விட்டு வெளியே வந்துவிடும்.

இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரான மானுவேல் ஆரோனை மாணவர்களுக்கு நான் அடிக்கடி நினைவூட்டுவேன். 1960-இல் லைப்சிக் செஸ் ஒலிம்பியாடில் முன்னாள் உலக சாம்பியனான மாக்ஸ் யூவேயை அவர் வென்றார். 1962-இல் ஸ்டாக்ஹோமில் நடந்த இன்டர்ஸோனல் என்ற உலக சாம்பியன் பட்டத் தகுதிப் போட்டியில் அவர் கடைசி இடத்தில்தான் முடித்தார். ஆனால் அதே போட்டியில் கிராண்ட்மாஸ்டர்களான லாயோஷ் போர்ட்டிஷையும் வொல்ஃப்காங் ஊல்மனையும் வென்றார். அப்போது ஃபிடே ரேட்டிங் என்ற ஒன்றே கிடையாது. பலத்தின் வித்தியாசம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கடைசி இடத்தில் இருந்துகொண்டே, அடுத்த சுற்றில் உலகின் மிகச் சிறந்தவர்களில் ஒருவருக்கு எதிரே உட்கார்ந்து தன் ஆட்டத்தை முழுமையாக ஆடியவர் அவர். வழக்கமாக ஆடும் தொடக்கத்தையே ஆடுங்கள், நல்லது என்று பட்ட நகர்த்தலையே செய்யுங்கள் என்று நான் சொல்வதன் பொருள் அதுதான்.

டிரா எப்போது, எப்படிக் கேட்க வேண்டும்? எதிராளி கேட்டால் ஏற்கலாமா?

உங்கள் நகர்த்தலைப் பலகையில் செய்துவிட்டு, கடிகாரத்தை அழுத்துவதற்கு முன் கேட்க வேண்டும். கேட்டதை ஆட்டத்தாளில் சமக் குறியிட்டுப் பதிவு செய்ய வேண்டும். மறுத்துவிட்டால் நிலை மாறாத வரை திரும்பத் திரும்பக் கேட்பது எதிராளிக்கு இடையூறாகும், நடுவர் கண்டிக்கலாம்.

ரேட்டிங் குறைந்தவர் பத்தாவது நகர்த்தலிலேயே டிரா கேட்பதைப் பலர் மரியாதைக் குறைவாகக் கருதுகிறார்கள். எனக்கு அதில் மரியாதைப் பிரச்சினை எதுவும் இல்லை. ஆனால் கேட்பதன் மூலம் நான் பயந்திருக்கிறேன் என்று நீங்களே சொல்லிவிடுகிறீர்கள். எதிராளி கேட்கும்போதுதான் நீங்கள் நன்றாக யோசிக்க வேண்டும். உங்களைவிட 400 புள்ளி அதிகமுள்ளவர் டிரா கேட்டால், 8.4 புள்ளியை இழக்க அவர் தயாராக இருக்கிறார் என்று பொருள். அநேகமாகத் தன் நிலை மோசமாக இருப்பதாக அவர் நினைக்கிறார். உடனே கைகொடுக்காமல், உங்கள் நேரத்தில் ஐந்து நிமிடம் எடுத்துப் பலகையைப் பாருங்கள். பதில் சொல்ல உங்கள் நகர்த்தல் வரை நேரம் உண்டு. யோசித்துப் பார்த்தபின் டிரா நியாயம் என்று தோன்றினால் தயங்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஒரே நிலை மூன்று முறை வந்தால் டிரா என்று உரிமை கோரலாம். உங்கள் நகர்த்தலால் மூன்றாவது முறை வரப்போகிறது என்றால், அந்த நகர்த்தலைச் செய்யாமல் ஆட்டத்தாளில் எழுதிவிட்டு நடுவரிடம் சொல்ல வேண்டும். பலகையில் செய்துவிட்டால் அந்த உரிமை போய்விடும்.

எதிரே பெரியவர் இருக்கும்போது குழந்தை நடுவரைக் கூப்பிடலாமா? அவருக்குக் கோபம் வராதா?

கட்டாயம் கூப்பிடலாம். கடிகாரத்தை நிறுத்திவிட்டுக் கையை உயர்த்தினால் போதும். ஒருமுறை என் மாணவன் ஒருவனின் எதிராளி, மந்திரியைத் தொட்டுத் தூக்கிவிட்டு மறுபடி கீழே வைத்து, யானையை நகர்த்தினார். தொட்ட காயைத்தான் ஆட வேண்டும் என்பது விதி. பையன் அவர் முகத்தைப் பார்த்தான், தலையைக் குனிந்தான், தன் சிப்பாயை நகர்த்திவிட்டான். ஆட்டம் முடிந்து என்னிடம் வந்து அழுதான். நான் நடுவரிடம் போகவில்லை. போயிருந்தாலும் பயன் இருந்திருக்காது. எதிராளியின் தவறைக் கண்டபின் நீங்கள் வேண்டுமென்றே உங்கள் காயைத் தொட்டுவிட்டால், அதைப் பற்றி முறையிடும் உரிமை அந்த நொடியே முடிந்துவிடுகிறது. கூசாமல் உடனே கையை உயர்த்துவது ஒன்றுதான் வழி. இதை நான் அவனுக்கு முன்பே சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். அன்றிலிருந்து என் வகுப்பில் கையை உயர்த்துவதையும் ஒரு பயிற்சியாகச் செய்விக்கிறேன்.

விதிக்கு முரணான நகர்த்தலை ஒருவர் செய்து கடிகாரத்தை அழுத்திவிட்டால், முதல் தடவைக்கு எதிராளிக்கு 2 நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும். அதே ஆட்டத்தில் இரண்டாவது தடவை செய்தால் பொதுவாக ஆட்டமே போய்விடும். ரேட்டிங் 1400 ஆனாலும் 2400 ஆனாலும் இது ஒன்றுதான். 30 நொடி கூடுதல் நேரம் உள்ள ஆட்டத்தில் கடைசி நகர்த்தல் வரை இருவரும் எழுதியாக வேண்டும். பெரியவர் எழுதாமல் ஆடுகிறார் என்றால் அதையும் நடுவரிடம் சொல்லலாம்.

ஏற்காட்டிலிருந்து காலையில் கிளம்பி வந்தால் போதுமா?

முடிந்தால் முந்தைய நாளே சேலத்துக்கு வந்து உறவினர் வீட்டில் தங்குவது நல்லது. தூரம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். ஆனால் 20 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி, அடிவாரம், கோரிமேடு, அஸ்தம்பட்டி வழியாக நகருக்குள் வந்து சேரும்போது பல பிள்ளைகளுக்குத் தலை சுற்றுகிறது. அந்தத் தலைசுற்றலோடு முதல் அரைமணி நேரம் ஆடுவது, ஒரு சிப்பாய் குறைவாக வைத்துக்கொண்டு ஆடுவதற்குச் சமம் என்று நினைக்கிறேன். காலையில்தான் வர முடியும் என்றால் இரண்டு இட்லியோடு நிறுத்திவிட்டு, ஒரு பேருந்து முன்னதாகவே ஏறிவிடுங்கள். சுற்று தொடங்கிய நேரத்திலிருந்து தாமதமாக வருபவரின் கடிகாரம் ஓடும். போட்டி விதியில் சொன்ன நிமிடங்களைத் தாண்டினால் ஆடாமலேயே தோல்வி. எத்தனை நிமிடம் என்பது போட்டிக்குப் போட்டி மாறும், அறிவிப்பில் பாருங்கள். தட்டுவடை செட் ஆட்டம் முடிந்தபின்.

நான் ரேட்டிங் அதிகமுள்ளவன். சிறு பிள்ளையிடம் டிரா ஆகிவிட்டது, அவமானமாக இருக்கிறது. என்ன செய்ய வேண்டும்?

கைகுலுக்கி, இருவரும் ஆட்டத்தாளில் கையொப்பமிட்டபின், அந்தப் பிள்ளையை அரங்குக்கு வெளியே அழைத்துச் சென்று அதே ஆட்டத்தை மறுபடி அடுக்கிப் பார்க்க வேண்டும். அதிர்ஷ்டம் என்ற சொல்லை அந்தப் பிள்ளையின் காதில் விழும்படி பயன்படுத்தக் கூடாது. ஏற்காட்டுச் சிறுமியோடு நான் அன்று முற்றத்தில் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து முழு ஆட்டத்தையும் பார்த்தேன். நான் சிப்பாயை வென்ற இடத்தில் அவளுக்கு வேறொரு நல்ல நகர்த்தல் இருந்ததை நான் காட்டினேன். என் ராஜா எப்போது கிளம்பியிருக்க வேண்டும் என்பதை அவள் காட்டினாள். ரேட்டிங்கில் நமக்குக் கீழே இருப்பவர்களுக்கு நம்மால் கொடுக்க முடிந்த மிக மதிப்புள்ள பொருள் இந்த அரைமணி நேரம். பணம் கொடுத்து வாங்கும் பயிற்சி வகுப்பில் அது கிடைப்பதில்லை. நாம் வென்ற நாளிலும் அதே அரைமணி நேரத்தைக் கொடுக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் கணினியில் போட்டுப் பார்க்கலாமா?

முதலில் பிள்ளை தன் கையால், தான் எங்கே என்ன நினைத்தோம் என்பதை ஆட்டத்தாளின் பின்புறம் எழுதட்டும். எங்கே பயந்தேன், எங்கே அவசரப்பட்டேன் என்பது மறுநாள் மறந்துவிடும்; கணினிக்கு அது தெரியவே தெரியாது. அதன்பின் கணினியைத் திறக்கலாம்.

எப்போது தோல்வியை ஒப்புக்கொள்ளலாம்?

1600-க்குக் கீழே இருக்கும் என் மாணவர்களிடம், ராணியும் ராஜாவும் மட்டும் எதிரே இருந்தாலும் செக்மேட் ஆகும் வரை ஆடச் சொல்கிறேன். ராணி வைத்திருப்பவர் கவனக்குறைவால், செக்கும் இல்லாமல் நகர இடமும் இல்லாமல் எதிராளியின் ராஜாவை அடைத்துவிட்டால் அது டிரா. ரேட்டிங் அதிகமுள்ளவர்களும் நேர நெருக்கடியில் இதைச் செய்கிறார்கள். நானே ஒருமுறை செய்திருக்கிறேன். எதிரே இருப்பவர் பெருமூச்சு விட்டாலும், கடிகாரத்தைச் சற்றுப் பலமாக அழுத்தினாலும், பிள்ளை தன் நகர்த்தலை யோசித்துச் செய்துகொண்டே இருக்கலாம்.

என் மகனுக்கு இன்னும் ரேட்டிங்கே இல்லை. இவையெல்லாம் பொருந்துமா?

ஆட்டத்தைப் பற்றிச் சொன்னவை பொருந்தும். கணக்கு மட்டும் வேறு. ரேட்டிங் உள்ளவர்களுக்கு எதிராகக் குறைந்தது 5 ஆட்டங்கள் ஆட வேண்டும். அதன் விளைவாக வரும் கணக்கு 1400-ஐ எட்டினால்தான் பட்டியலில் பெயர் வரும். முதல் போட்டியில் ஒரு அரைப் புள்ளிகூட எடுக்காவிட்டால் அந்தப் போட்டி கணக்கில் சேராது. அவனோடு ஆடும் ரேட்டிங் உள்ளவருக்கு அந்த ஆட்டத்தால் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை.